எங்கள் தெரு மாப்பிள்ளையின் பஸ்

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வழி கேட்டால் முன்பெல்லாம் "தண்ணி டேங்குக்குப் பின்னால" என்று சொல்வார்கள். இப்போது "அந்த பஸ்ஸு நிக்கற தெரு" என்கிறார்கள். டேங்க் எங்கேயும் போய்விடவில்லை. அது பாட்டுக்கு முப்பதடி உயரத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு பேச்சு ஜனங்கள் வாயில் ஏறி உட்கார்ந்துவிட்டால் இறக்க முடியாது.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் கற்றதெல்லாம் அளவு கொடுக்க வருகிற பெண்கள் பேசும் பேச்சிலிருந்துதான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறவளுக்குப் பொய் சொல்ல வராது. மாமியார் சங்கதியிலிருந்து மல்லாட்டைக் கடலை விலை வரைக்கும் உள்ளது உள்ளபடி வந்து விழும். டேப்பை நான் கொஞ்சம் மெதுவாகவே சுருட்டுவேன்.

மெஷின் போட்டிருப்பது தெருப்பக்கத்து ஜன்னல் ஓரம். ஊசியில் நூல் கோக்க அந்த வெளிச்சம்தான் எனக்குக் கண். போன ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் தைத்துக்கொண்டிருக்கும்போதே அறை இருட்டிக்கொண்டு வந்தது. மழை மேகம் என்று நினைத்து, எழுந்து ஓடிப்போய்க் கொல்லையில் காய்ந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு வந்தேன். கொல்லையிலோ வெயில் பளீரென்று அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் ஜன்னலில் வானம் இல்லை. ஒரு மயில் இருந்தது. ஜன்னல் கொள்ளாத மயில். அதன் ஒரு கண்ணே என் சோற்றுத் தட்டு அளவு.

வெளியே வந்தேன். ஐம்பது பேர் உட்காரும் சுற்றுலா பஸ் ஒன்று எங்கள் கேட்டை விட்டுவிட்டு, மீதி வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. இடது பக்கத்து சக்கரங்கள் சிமெண்ட் ரோட்டிலிருந்து இறங்கி எங்கள் வாசல் மண்ணில் நின்றன. பக்கவாட்டில் மயில், பின்னால் வேல், முன்னால் 'நன்றி மீண்டும் வருக'. பொதுவாக அதைப் பின்னால்தான் எழுதுவார்கள். இந்த பஸ்ஸில் முன்னாலேயே எழுதியிருந்தது.

அதிலிருந்து இறங்கியவர் எதிர்வீட்டு அக்காவின் மருமகன். விழுப்புரத்துக்காரர். பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றிக் காட்டுகிற தொழில்.

"அத்த, ஒரே வாரம். எஃப்.சி. முடிஞ்சி போச்சி. அத எடுத்துட்டா வண்டி கெளம்பிடும்."

எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று அரசாங்கம் கொடுக்கிற சான்று. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் பிடித்துக்கொள்வார்கள்.

"உங்க தெருவுலயே வுட்டிருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க தெரு சின்னது அத்த. அங்க நிறுத்தினா ஜனங்களுக்கு எடஞ்சலா இருக்கும். சும்மா வுடுவாங்களா? இங்கன்னா நம்ப ஆளுங்க, பாத்துக்குவாங்க."

இவ்வளவு மரியாதையாக ஒருத்தர் நம் தலையில் பஸ்ஸை ஏற்றினால் என்னதான் சொல்வது? "காபி சாப்புட்டுப் போங்க" என்றேன்.

மாமியார் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கே கரண்ட் கம்பமும் கால்வாயும் இருந்தன. எங்கள் வாசல்தான் தோதாக இருந்ததாம்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரே மகள். அக்காவின் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே தவறிவிட, அந்தப் பெண்ணைத் தெருவே வளர்த்தது. என் வீட்டில் சாப்பிடும், பக்கத்து வீட்டில் படிக்கும், கோடி வீட்டில் தூங்கும். அதன் கல்யாணத்துக்குத் தெருவில் இருக்கிற இருபத்திரண்டு வீடும் தாம்பாளம் எடுத்தோம். அதனால் அந்தப் பெண்ணைக் கட்டியவர் இருபத்திரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளை. அக்கா என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் நான் அவருக்குச் சின்ன அத்தை. மாப்பிள்ளையிடம் முகம் கோணிப் பேசினால் பெண்ணுக்கு அங்கே முகம் வாடும். இது எங்கள் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம். வேறு யாராவது அந்த பஸ்ஸை நிறுத்தியிருந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு சக்கரத்திலும் காற்று இருந்திருக்காது.

வாரம் மாதமானது.

என்னிடம் தைக்க வந்தவர்களுக்கு வாய்க்குத் தீனி. "இன்னாக்கா, ஜன்னலுக்கு மயில் ஸ்க்ரீன் போட்டுட்டியா?" என்றாள் ஒருத்தி. பால் ஊற்றுகிற பெண், "எல்லா ஊர்லயும் பஸ்ஸு வரலன்னு மறியல் பண்ணுவாங்க. உங்க தெருவுல பஸ்ஸு போவலன்னு பண்ணணும்" என்றாள். பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டி வளைவை நான் கோணலாக அடித்த ரவிக்கைகள் முதல் இரண்டு மாதத்தில் மட்டும் ஏழு. ஏழையும் பிரித்து அடித்தேன்.

ஒரு நாள், தலையில் முருங்கைக்கீரைக் கட்டு வைத்த ஒரு கிழவி பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "ஏம்மா, இது மயிலம் கோயிலுக்குப் போவுமா?" என்றாள்.

"போவாது ஆயா."

"மயிலு போட்டுக்கீதே?"

"மயிலு போட்டுக்கீது. மாப்ள மனசு வச்சாத்தான் போவும்."

கிழவி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப லேட் ஆவும்" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கும் மருமகன் இருந்திருக்க வேண்டும்.

தெருவில் அந்த பஸ்ஸால் சந்தோஷப்பட்டவர் ஒருவர் உண்டு. இஸ்திரி வண்டிக்காரர். முன்பு தெருமுனையில் வெயிலில் நின்று கரிப்பெட்டியோடு கரிப்பெட்டியாக வெந்துகொண்டிருந்தார். பஸ் வந்த மூன்றாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் நிழலில் போட்டுவிட்டார். காலையில் ரோட்டுப் பக்கம், மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டுப் பக்கம். "எனக்கு இது பஸ்ஸு இல்லக்கா. மரம். எல கொட்டாத மரம், பெருக்கற வேல கூட இல்ல" என்றார்.

எதிர்த்தவர்களுக்குத் தலைவர் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் சார். ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவதில் சமர்த்தர். அவர் எழுதினால் பெறுநர், அனுப்புநர், பொருள், பார்வை எல்லாம் ரவிக்கைக்குக் கொக்கி வைத்த மாதிரி வரிசையாக இருக்கும். அவர் தலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் எதிர்வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை வந்திருந்தார். போகும்போது சார் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "நான் பேசுறேன். யாரும் நடுவுல பூந்து கொழகொழன்னு பேசக்கூடாது."

உள்ளே போய் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை எழுந்து நின்று, "வாங்க மாமா, வாங்க அத்த" என்று ஒவ்வொருவருக்கும் அவர் கையாலேயே நாற்காலி எடுத்துப் போட்டார். அக்கா சூடாக வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். சார் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள..."

"சொல்லுங்க மாமா."

"பஸ்ஸு..."

"அதத்தான் மாமா நானும் சொல்ல வந்தேன். நீங்கள்லாம் இருக்கற தைரியத்துலதான் வுட்டு வச்சிருக்கேன். எங்க தெருவுல இருந்தா கண்ணாடிய ஒடச்சிருப்பானுங்க. இங்க ஒரு கீறல் உண்டா? இப்படி ஒரு தெரு யாருக்குக் கெடைக்கும்?"

சார் என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

"ஒரு கீறல் வராது மாப்ள. நாங்க இருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு சார் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே மனு எழுதினார். இரண்டு பக்கம். கீழே கையெழுத்துக்கு இருபத்திரண்டு கோடு. வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில், "மாப்ள மேல எப்படி சார் கையெழுத்து போடறது?" என்றார்கள். இன்னொரு வீட்டில் மூக்குக் கண்ணாடி காணோம் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் அரிசி மில்லில் எடை போடுகிறவர். பேச்சையும் எடை போட்டுத்தான் பேசுவார், அதுவும் ஐம்பது கிராம், நூறு கிராமாக. அவர் பேனாவை வாங்கினார், கோட்டில் வைத்தார், எடுத்தார். "மை வரல" என்று திருப்பிக் கொடுத்தார். அது புதுப் பேனா.

கடைசியில் ஒரே ஒரு கையெழுத்தோடு அந்த மனு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. 'பொதுமக்கள்' என்று ஆரம்பித்து சார் பேரில் முடிந்தது.

நடுவில் ஆயுத பூஜை வந்துவிட்டது. இதில் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு என் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு வைத்தேன், டேப்புக்குக்கூட வைத்தேன். தெருவில் இருக்கிற டூவீலர், சைக்கிள், இஸ்திரி வண்டி எல்லாம் பூவும் பொட்டுமாக ஜொலிக்கின்றன. நடுவில் அவ்வளவு பெரிய வண்டி மூளியாக நிற்கிறது. நல்ல நாளும் அதுவுமாகப் பார்க்கவே சகிக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியாது. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி முன்கண்ணாடியில் மூன்று பட்டை சந்தனம் இழுத்தேன். கிண்ணத்தில் மீந்த குங்குமத்தை வைத்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சாமந்தி மாலை கொண்டுவந்தாள். இஸ்திரிக்காரர் எங்கேயோ போய் இரண்டு வாழைக்கன்று வெட்டிவந்து இரண்டு பக்கமும் கட்டினார். சார் மனைவி பூசணிக்காய் கொடுத்தனுப்பினாள். ஆமாம், மனு எழுதின அதே சார் வீட்டிலிருந்துதான். சாரே கற்பூரம் கொளுத்திச் சுற்றி, நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்தார். "வண்டி நல்லபடியா கெளம்பணும்னுதான் ஒடச்சேன்" என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில், மனுவை விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார். மாலை, சந்தனம், வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மனுவைப் பிரித்துப் படித்தார்.

"'கேட்பாரற்று நிற்கும் வாகனம்'னு எழுதிக்கிறீங்க. எங்க அது?"

"இதுதான் சார்" என்றார் எங்கள் சார்.

"இதுவா? என் வண்டிக்கே இந்த அளவுக்குப் பூஜ போடல சார். ஊரே சேர்ந்து கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி கீது. கேப்பாரு இல்லன்னு எழுதறீங்களே?"

"இல்லீங்க, ரொம்ப நாளா நிக்குது..."

"யாரு வண்டி?"

தெருவே ஒரே குரலில், "எங்க மாப்ளயோடது" என்றது.

அவர் மனுவை நாலாக மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "சொந்தத்துக்குள்ள பேசித் தீத்துக்குங்க. என்னை பேஜாரு பண்ணாதீங்க. வேற எதுனா நடந்தா கூப்புடுங்க" என்று கிளம்பினார். போகும்போது அவரும் அந்தச் சந்தனத்தை லேசாகத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதையாகவே போயிருக்கும். ஆனால் கார்த்திகையில் என் மகளுக்கு வரன் குதிர்ந்தது. தை மாதம் கல்யாணம். மண்டபம் பிடித்தாகிவிட்டது, புடவை எடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் வாசலில் பந்தக்கால் நட வேண்டும். மஞ்சள் பூசிய மூங்கிலில் மாவிலை கட்டி, வாசலின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், குழி தோண்டி, பால் ஊற்றி, நவதானியம் போட்டு நடுகிற கால். அதற்கப்புறம்தான் எங்கள் வீடு கல்யாண வீடு. அது வரைக்கும் வெறும் வீடு.

நாள் குறித்துக் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து திசை பார்த்தார். ஒரு சுற்று சுற்றினார். குனிந்து விரலால் காட்டினார். "இங்க."

அவர் காட்டிய இடத்தில் பஸ்ஸின் பின்சக்கரம் இருந்தது. ஐப்பசி மழையில் ஊறிய மண்ணில் அது முக்கால் அடிக்கு அமுங்கி, வீட்டுக்காரர் மாதிரி கால் நீட்டி உட்கார்ந்துவிட்டிருந்தது.

"வேற எடம்?"

"இருக்குது. ஆனா கால் நட மூல இதுதாம்மா. அப்பறம் உங்க இஷ்டம்."

'அப்பறம் உங்க இஷ்டம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் நமக்கு இஷ்டம் ஏது? வாளியில் மணல் போட்டு நட்டுக்கொள் என்றார்கள். பஸ் கதவுப் பிடியிலேயே கட்டிவிடு என்றார்கள். என் வீட்டில் முதல் நல்ல காரியம். ஒரே பெண். பின்னால் அவளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட, அன்றைக்குப் பந்தக்காலை இடம் மாற்றி நட்டோமே என்று நான் நினைப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அந்த மூலையிலேயே நட வேண்டும், அதற்கு பஸ் நகர வேண்டும்.

போன் போட்டேன். "அடுத்த வாரம் அத்த" என்றார் மாப்பிள்ளை. அடுத்த வாரமும் அதையே சொன்னார். பந்தக்காலுக்கு எட்டு நாள்தான் பாக்கி என்றபோது நானே விழுப்புரம் போவது என்று முடிவு செய்தேன். "மாப்ளயாவது ஒண்ணாவது. இன்னிக்கு நறுக்குன்னு கேட்டுட்டுத்தான் வருவேன்" என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். பத்து கிராம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனசுக்குள் தைத்துக்கொண்டே போனேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஆரம்பம் தயார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நடுப்பகுதி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது முடிவுகூட வந்துவிட்டது: 'நீங்க எடுக்கலன்னா நாங்க எடுப்போம்.' நல்ல முடிவு. நாங்கள் எப்படி எடுப்போம் என்பது மட்டும் தெரியாது.

ஆனால் பெண் வாழ்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? சண்டை போடத்தான் போகிறேன் என்றாலும் முறை முறைதானே? பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மூன்று முழம் மல்லி எல்லாம் வாங்கிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகையும் பையில் இருந்தது. வந்தது வந்தோம், அதையும் வைத்துக் கொடுத்துவிடலாம், பிறகு சண்டை போடலாம் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் தட்டு வாங்கி எல்லாவற்றையும் அடுக்கி மாப்பிள்ளை முன்னால் நீட்டினேன்.

அவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கண் கலங்கிப்போனது.

"நீங்களே தேடி வந்து தாம்பாளம் வச்சி கூப்புடறீங்களே அத்த... மூத்த மாப்ளன்ற மொறைக்கு, பந்தக்கால் நான்தான நடணும்?"

பந்தக்கால் நடுகிற மரியாதை என் அண்ணனுக்கு என்று எப்போதோ பேசியாகிவிட்டது. தாய்மாமன். ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

"பின்ன யாரு நடுவாங்க? நீங்கதான் தம்பி" என்றேன்.

அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க இவர ஒதுக்கிடுவீங்களோன்னு பயந்துக்கினே இருந்தேன் சின்னம்மா" என்றாள். சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். வடை பாயசத்தோடு. பஸ் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "உங்கண்ணன்?" என்றார். ஒரே ஒரு சொல். ஆனால் அது ஒரு மூட்டை கனம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கூட்டேரிப்பட்டு பக்கத்தில் சொந்தப் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறவர். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நடட்டும். நல்லா நடட்டும். எங்க நடுவாரு? அந்த பஸ்ஸு மேலயா?" என்றார்.

"கோவிச்சிக்காதண்ணே..."

"நான் எதுக்குமா கோவிச்சிக்கறேன்? நான் வெறும் தாய்மாமன்தான. வாழமரம் கொண்டாந்து போட்டுட்டு அந்தாண்ட ஓரமா நிக்கறேன்."

பந்தக்கால் நாள் காலை. நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால். எட்டரைக்கே மாப்பிள்ளை பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு வந்து இறங்கினார். மஞ்சள் பூசிய மூங்கில் சுவரில் சாய்ந்திருந்தது. பால், நவதானியம், கடப்பாரை, எல்லாம் தயார்.

"ஜல்தி ஆவட்டும். எங்க அத்த, எந்த எடம்?" என்று மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார்.

தெருவே ஒன்றாகக் கீழே பார்த்தது. அவரும் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.

"இங்கயா?"

"இங்கதான் தம்பி."

அவர் கண்ணுக்கு ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த பஸ் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். "ஏன் அத்த, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?" என்றார்.

சார் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா தெரியவில்லை.

"இப்பவே எடுத்துடறேன்" என்று தாவி ஏறினார் மாப்பிள்ளை. சாவியைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை திருகினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பாட்டரி இல்ல."

"இன்னாது?"

"திருட்டு போயிடுமேன்னு கழட்டி வீட்ல பத்தரமா வச்சிருக்கேன் மாமா."

"இந்தத் தெருவுல ஒரு கீறல் உண்டான்னு கேட்டீங்களே மாப்ள" என்றார் சார்.

மணி ஒன்பதே முக்கால். ஆண்கள் இருபது பேர் பின்னால் போய்த் தள்ளினார்கள். பஸ் அசையவில்லை. ஒருத்தர் செருப்பு அறுந்தது, அவ்வளவுதான். கடப்பாரையால் சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டிவிட்டார்கள். மறுபடி தள்ளினார்கள். இஸ்திரிக்காரர்தான் எல்லோரையும்விட மும்முரமாகத் தள்ளினார். "மரத்த வெட்டறமேன்னு இருக்குதுக்கா, ஆனா பொண்ணு கல்யாணமாச்சே" என்றார். வாசற்படியில் என் மகள் தலைநிறையப் பூவோடு நின்று கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாளியிலயே நட்டுக்கலாம்மா, பரவால்ல" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிப்பர் நிறைய வாழைமரம். ஓட்டிக்கொண்டு வந்தவர் என் அண்ணன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தவர், பட்டு வேட்டி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பதையும் தெருவே பின்னால் தள்ளுவதையும் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார். உம் மெல்ல மெல்ல அவிழ்ந்தது.

"இன்னா மாப்ள, பந்தக்கால் நட பஸ்ஸுலயா வந்தீங்க?"

மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, மானத்தக் காப்பாத்துங்க மாமா."

அண்ணன் உடனே இறங்கவில்லை. அவருக்கும் அந்த நிமிஷம் வேண்டியிருந்தது. டிராக்டர் மேலிருந்தே தெருவை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இழுத்துடலாம். ஆனா கால்ல எத்தன கை படும்?" என்றார்.

"ரெண்டு பேரும் சேந்து நடுவோம் மாமா. மேல உங்க கை, கீழ என் கை."

"சங்கிலி எடுங்கடா!" என்று அண்ணன் குதித்தார்.

டிப்பரைக் கழற்றி ஓரம்கட்டி, சங்கிலியை மாட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிராக்டர் உறுமியது. பின்னால் இருபது பேர் "ஏலே" என்று ஒரு மூச்சு கொடுத்தார்கள். பஸ் முனகியது, மண்ணை விட்டு மெதுவாக எழுந்தது. நான் அந்த நேரம் உள்ளே நவதானியக் கிண்ணம் எடுக்கப் போயிருந்தேன். ஜன்னலில் மயில் நடந்து போனது. முதலில் கொண்டை, அப்புறம் கண், அப்புறம் அந்த நீளத் தோகை. கடைசியில் பின்பக்கத்து வேல். அதற்கப்புறம் ஆறு மாத வெளிச்சமும் ஒரேயடியாக மெஷின் மேல் வந்து விழுந்தது. மேஜை மேல் எவ்வளவு தூசி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மணி பத்து பத்து. சக்கரம் நின்ற இடத்தில் முக்கால் அடிப் பள்ளம் தயாராக இருந்தது. "பாதிக் குழி நம்ப வண்டியே தோண்டி வச்சிக்கிது பாரு அத்த" என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். மீதியைக் கடப்பாரையால் நாலு குத்து குத்தி இறக்கினார்கள். பால் ஊற்றினோம். மேலே அண்ணன் கை, கீழே மாப்பிள்ளை கை. பத்தே பன்னிரண்டுக்கு மூங்கில் நிமிர்ந்து நின்றது. என் மகள் மஞ்சள் குங்குமம் வைத்தாள். வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார். அவர் பஸ் தள்ளவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நல்லபடியாக முடிந்த கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பஸ் விஷயம்தான் பாக்கி. அன்றைக்கு நேரம் போய்விடுமே என்ற அவசரத்தில் அண்ணன் நாலு வீடு தூரம் இழுத்ததும் சங்கிலியைக் கழற்றிவிட்டு ஓடிவந்துவிட்டார். அது நின்ற இடம் சார் வீட்டு வாசல். "ஒரே வாரம் மாமா" என்று மாப்பிள்ளை சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். சார், "அதுக்கென்ன மாப்ள, காபி சாப்புடுங்க" என்றாராம்.

இஸ்திரி வண்டி மறுநாளே அங்கே குடிபோய்விட்டது.

மாசி பிறந்து ஒரு நாள், சார் கையில் பஞ்சாங்கத்தோடு என் வீட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, விழுப்புரம் போனியே, தட்டுல என்னென்ன வச்ச?"

"எதுக்கு சார்?"

"எனக்கு ரெண்டும் பையனா பொறந்துடுச்சு. ரெண்டு பேரும் கல்யாணத்த முடிச்சிட்டு வெளியூருக்குப் போயிட்டானுங்க. பந்தக்காலுக்கு இனிமே வீட்ல வேல இல்ல. அதான் யோசிச்சேன். எனக்கு எழுபது முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எழுபதாம் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாக்கறேன். அதுக்குப் பந்தக்கால் நட மாப்ளயக் கூப்புடலாமில்ல?"

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எழுவது முடிங்க. அதுக்குள்ள அந்த பஸ்ஸுக்கே அறுவதாம் கல்யாணம் வந்துடும். ரெண்டு பேரையும் ஒரே மணையில ஒக்காத்தி வச்சிடறேன்."